இடது கையில் வேகம்

அத்தியாயம் 17

சனிக்கிழமை விடியுமுன்பே எழுந்து ஜாய்ஸ் சாப்பாட்டு மேசையைத் துளிப் பிசுக்கில்லாமல் துடைத்தாள். இன்றைக்கு அதில் இட்லிக்கு இடமில்லை. ஒரு பக்கம் நீளமான வெள்ளை இறக்கை, இன்னொரு பக்கம் உடம்பு, நடுவில் வால், சக்கரம், திருகாணி என்று ஒரு குட்டி விமானம் மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜெர்சன் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் திறந்ததோடு போன வாரம் நின்றோம். நடுவில் ஓரிரு வாரம் விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜெர்சன் ஜாய்ஸின் கணவன். வளைகுடாவில், தம்மாமில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். இரண்டு வருடம் கழித்து ஒரு மாத லீவில் தல்லாகுளத்துக்கு வந்திருக்கிறான். அதில் மூன்று வாரம் ஓடிப்போய்விட்டது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சம்மதமா என்று கம்பெனி கேட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள், அதாவது நாளைக்குள், பதில் சொல்லியாக வேண்டும்.

போகாதீர்கள் என்று சொல்ல ஜாய்ஸுக்கு நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்காக இருந்துவிடுவான். அப்படி இருப்பவன் நாளைக்கு ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டால் அதற்கும் அவள்தானே பொறுப்பு. இருக்க வேண்டும் என்று அவனுக்கே தோன்ற வேண்டும், அதை அவன் வாயாலேயே கேட்க வேண்டும் என்று பிடிவாதமாகக் காத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்துகிறவள்; வெளியிலிருந்து யாரும் தள்ளாமல் எதுவும் நகராது என்று வருடா வருடம் போர்டில் எழுதிப் போடுகிறவள். வீட்டில் மட்டும் அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

மூன்று வாரமும் ஜெர்சன் விருந்தாளி மாதிரிதான் இருந்தான். சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டான். ஃபேனுக்கு எந்த ஸ்விட்ச் என்று கேட்டான். குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே காயப்போடட்டும் என்று அவன் கேட்டபோது ஜாய்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. துணிக்கொடியைக் கட்டியவனே அவன்தான். நடுவில் அவள் அதை மொட்டை மாடிக்கு மாற்றியிருந்தாள்.

விமானத்தின் கதையும் அப்படித்தான். அவன் தம்மாமுக்குக் கிளம்பிய வாரத்தில்தான் அது தனித்தனிப் பாகமாகப் பெட்டியில் வந்து சேர்ந்தது. கல்லூரிக் காலத்திலிருந்தே அவனுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. லீவுக்கு வந்து நானே ஒட்டிக்கிறேன் என்று சொல்லி, பெட்டியை அலமாரி மேல் ஏற்றிவிட்டுப் போனான். முதல் வருட லீவு ரத்தாகிவிட்டது என்று போனில் சொன்னானே, அன்றைக்குத்தான் ஜாய்ஸ் ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கினாள்.

அதற்கப்புறம் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொரு துண்டாக ஒட்டினாள். முன்பக்க விசிறியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மோட்டாரைச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் போய்விடும் என்று தெரிந்துகொண்டாள். சார்ஜ் ஏறும் பேட்டரியைத் தனியாக விடக் கூடாது என்பதால் முற்றத்தில் மண்சட்டிக்குள் அதை வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். இரண்டு ஜெபமாலை முடியும்போது சார்ஜும் முடியும். லேப்டாப்பில் பொம்மை விமானம் ஓட்டிப் பழகி, பிறகு நிஜத்துக்கு வந்து, சனிக்கிழமைதோறும் வானத்தைப் பார்த்து நின்றாள். அவன் வரும்போது காட்டி அசத்த வேண்டும் என்று போனில் மூச்சுவிடவில்லை.

காட்டியாயிற்று. பெட்டியைத் திறந்தவன் இறக்கையில் பசை ஓடிய கோட்டை விரலால் தடவிப் பார்த்தான். எப்போது ஒட்டினாய் என்று மட்டும் கேட்டான். போன வருடம் என்றாள். மூடியைப் பழையபடி மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போனவன் இருட்டிய பிறகுதான் இறங்கி வந்தான். சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை பறக்கவிடப் போவோமா என்று கேட்டதற்கு ‘ம்’ என்றான். அந்த ஒற்றை ‘ம்’மை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை முழுவதையும் ஓட்டிவிட்டாள்.

விடிந்ததும் கிளமெண்ட் காரோடு வந்துவிட்டான். ஜெர்சனின் தம்பி, கோர்ட்டுக்குப் பக்கத்தில் வக்கீல் ஆபீஸ் வைத்திருக்கிறான். சனிக்கிழமை மதினியைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது அவன்தான். பறக்கிற நேரம் முழுக்கக் காருக்குள் ஏ.சி. போட்டு உட்கார்ந்து போன் பார்ப்பான். இறங்கினால் தலையில் ஹெல்மெட் இருக்கும்.

“மதினி மேல எனக்கு நம்பிக்கைதாண்ணே. அந்த விசிறி மேலதான் இல்ல” என்று அண்ணனிடம் விளக்கம் சொன்னான்.

திருவிழாவின் எதிர்சேவைக் கூட்டம் கலைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெருவில் பந்தல் கால்கள் இன்னும் நின்றன. விமான நிலையம் இருக்கிற தெற்குத் திசையில் இந்த வேலைக்குத் தலைவைத்தும் படுக்கக் கூடாது. அதனால் வடகிழக்கே ஒத்தக்கடை தாண்டி, ஆனைமலைக்குப் பின்னால் தண்ணீர் வற்றிக் கிடக்கும் ஒரு கண்மாய்க்குத்தான் எப்போதும் போவது. மேலே மின்கம்பி கிடையாது, பக்கத்தில் வீடு கிடையாது.

ஜெர்சன் முன்சீட்டில் இருந்தான். ஜாய்ஸ் பின்னால் இறக்கையை மடியில் போட்டுக்கொண்டு அவன் பிடரியைப் பார்த்தபடியே வந்தாள். அங்கே புதிதாக நரை விழுந்திருந்தது. இரண்டு வருடமாக போனில் முகத்தை மட்டுமே பார்த்துப் பார்த்து, ஆளை முழுசாகப் பார்ப்பதாக நினைத்திருந்தாள். பிடரியை எந்தப் போன் காட்டியது? கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பக்கத்தில் இருக்கும்போதே ஒருத்தனுக்காக இப்படி ஏங்குவார்களா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கண்மாய்க்குள் இறங்கியதும் வெடித்துக் கிடந்த களிமண் தரையில் பாயை விரித்து வேலையை ஆரம்பித்தாள். இறக்கையை உடம்போடு பொருத்தித் திருகாணிகளை முடுக்கினாள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கி, மூக்கு சற்றே தாழ்ந்து நிற்கிறதா என்று பார்த்தாள். வால் கனத்துப் போனால் விமானம் சொன்ன பேச்சுக் கேட்காது. விசிறியின் மரையைத் தொட்டுப் பார்த்தாள். முதலில் ரிமோட்டைப் போட்டு, வேகக் குச்சி அடியில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் விமானத்தில் பேட்டரியைச் செருகினாள். இதெல்லாம் மாறிவிட்டால் கையிலேயே மோட்டார் சுற்ற ஆரம்பித்துவிடும். குச்சியை வலப்பக்கம் தள்ளி, வல இறக்கையின் மடிப்பு மேலே எழுவதைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு கிளமெண்டை விமானத்தைப் பின்னாலிருந்து பிடிக்கச் சொல்லிவிட்டு, ரிமோட்டோடு தூரமாக நடந்து போய், அங்கிருந்தும் வால் அசைகிறதா என்று சோதித்தாள்.

மதினி பூசை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள், முடியும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது என்று கிளமெண்ட் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முணுமுணுத்தான். ஜெர்சன் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் அவள் செய்வதற்கு முன்னாலேயே அவன் கை லேசாக நீளும்; அவள் செய்து முடித்துவிடுவாள்; கை திரும்பிப் பைக்குள் போய்விடும். ஜாய்ஸ் அதைக் கவனிக்கவில்லை. நாம் கவனித்துக்கொள்வோம்.

கரையோரம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒச்சாயி என்கிற நடுத்தர வயதுப் பெண்ணின் ஆடுகள். ஆளோ ஆடோ எதிரே இருக்கும்போது ஜாய்ஸ் விமானத்தைக் கிளப்ப மாட்டாள் என்பது ஒச்சாயிக்கும் தெரியும். சொல்வதற்கு முன்பே மந்தையை மறுபக்கம் ஓட்டிவிட்டு, புது ஆளைப் பார்க்க வந்து நின்றாள்.

“ஒங்க வீட்டுக்காரவுகளா டீச்சர்? வெளிநாட்டுல இருக்காகன்னு சொல்லுவீகளே” என்று கேட்டுவிட்டு ஜெர்சனிடம் திரும்பினாள். “தனியா நின்னே அம்புட்டையும் பழகிக்கிட்டாக. கீழ விழும், எடுப்பாக, திரும்பியும் விடுவாக. ஒருத்தர் தொணை வேண்டியதில்ல அவுகளுக்கு.”

மனமாரப் பாராட்டினாள் அந்த அம்மாள். ஜெர்சன் முகம் சிறுத்துப்போனது. வெயில் கண்ணில் அடிக்கிறது போல என்று ஜாய்ஸ் தன் தொப்பியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

காற்று மலைப்பக்கத்திலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. அதற்கு எதிராக விமானத்தை நிறுத்தி, அதன் பின்னால் போய் நின்றுகொண்டு வேகத்தைக் கூட்டினாள். தடதடவென்று ஓடி, வெடிப்பு ஒன்றில் துள்ளி, எழும்பிவிட்டது.

அழகாக ஓட்டினாள் என்று சொல்லத்தான் வேண்டும். கரையைத் தாண்டாமல், தலைக்கு மேலே வராமல், பெரிய பெரிய வட்டமாகச் சுற்றினாள். இதில் ஒரு சங்கடம் உண்டு. விமானம் தூரப் போகும்போது ஓட்டுவது எளிது. திரும்பி நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடதாகிவிடும்; அங்கேதான் கை குழம்பும். ஜாய்ஸ் மாதக்கணக்கில் அந்தத் திரும்பி வரும் பாதையைத்தான் பழகினாள். போவதைவிட வருவதைச் சரியாகப் பிடிக்கத்தான் அவளுக்கு ஆசை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே இடத்தில் நின்று, பக்கத்தில் அவன் நிற்பதாக நினைத்துக்கொண்டு அவள் உள்ளுக்குள் பேசியது உண்டு. பாத்தீங்களா, திரும்பிட்டேன். பாத்தீங்களா, காத்து அடிக்குது, விடல பாருங்க. இன்றைக்கு நிஜமாகவே நிற்கிறான். பாத்தீங்களா என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

“குடு” என்றான் ஜெர்சன்.

பறந்துகொண்டிருக்கும்போது ரிமோட்டைக் கைமாற்றக் கூடாது. இறக்கிவிட்டு, பேசிவிட்டு, பிறகு கொடுக்க வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மூன்று வாரத்தில் எங்கே, எது, எப்படி என்று வழி கேட்டவன், எனக்கு வேண்டும் என்று கேட்ட முதல் பொருள் அதுதான். கேட்டதும் கழுத்திலிருந்து வாரைக் கழற்றி அவன் கையில் வைத்துவிட்டாள்.

விமானம் கொஞ்சம் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. மேலே ஏற்றுவதற்காக ஜெர்சன் வலது குச்சியை முன்னால் தள்ளினான். அவன் பழகிய ரிமோட்டில் வேகம் வலது கையில். மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் இடது கையில். ஓட்டுகிறவர்களில் இரண்டு கட்சியும் உண்டு. ஒரு கையில் பழகியவருக்கு மற்றது வராது. ஜாய்ஸ் பார்த்த வீடியோக்களில் எல்லாரும் இடது கையில் வேகம் வைத்தவர்கள். அவனுடைய ரிமோட்டின் முதுகை ஜாய்ஸ் கழற்றி, ஸ்பிரிங்கை இடம் மாற்றிப் போட்டு, தன் கைக்கு ஆக்கிக்கொண்டது ஆரம்பத்தில் ஒரு நாள். அப்புறம் அது மாற்றியது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. மரை முதல் வால்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தவள், வாங்குகிறவனின் கை எது என்று மட்டும் பார்க்கவில்லை.

வலது குச்சியைத் தள்ளியதும் விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. பதறிப்போய் மூக்கை நிமிர்த்த இடது குச்சியை இழுத்தான். மோட்டார் நின்றுபோனது.

“கைய எடுங்க. விட்டுருங்க, அதுவா நிமிரும்” என்றாள் ஜாய்ஸ்.

உண்மைதான். பழகுகிறவர்களுக்கென்று செய்த விமானம் அது. குச்சிகளை விட்டுவிட்டால் தானாக நிமிர்ந்து மிதக்கும். ஆனால் விழுகிறதைப் பார்த்துக்கொண்டு கையை விட யாருக்கு மனசு வரும்? அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவள் அவன் வலது கட்டை விரல்மேல் தன் விரலை வைத்துப் பின்னால் இழுத்தாள். விமானம் பாதி நிமிர்ந்து, கரையோரத்துச் சீமைக்கருவேலத்துக்குள் சத்தத்தோடு புகுந்தது.

கிளமெண்ட் ஓடினான். எதையும் தொடாதே என்று அவனைத் தடுத்துவிட்டு ஜாய்ஸ் முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். இறக்கை இரண்டாகியிருந்தது. அவள் முதலில் பேட்டரியைப் பிடுங்கினாள். அதன் ஒரு மூலை நசுங்கியிருந்தது. நசுங்கிய பேட்டரி அப்போதைக்குச் சாதுவாக இருந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் புகைந்து தீப்பிடிக்கும். காரில் ஏற்ற முடியாது. காய்ந்த புல்லில் போட்டுவிட்டும் போக முடியாது. வெறும் மண்ணில் அதை வைத்துவிட்டு, தள்ளி நின்று காவல் இருந்தாள்.

அரை மணியாவது ஆகும் என்றாள். அப்படியானால் ஒத்தக்கடை போய் டீ வாங்கி வருகிறேன் என்று கிளமெண்ட் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான் என்று நினைக்கிறேன். வக்கீலுக்கு அது கூடவா தெரியாது. ஒச்சாயியும் ஆடுகளோடு தூரப் போய்விட்டாள்.

புருசனும் பொண்டாட்டியுமாக ஒரு பேட்டரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ரிமோட்ட எப்ப மாத்துன?” என்று கேட்டான் ஜெர்சன். கோபமாகக் கேட்கவில்லை.

பழக ஆரம்பித்தபோதே மாற்றிவிட்டேன், சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, அது வேறு மாதிரி இருந்ததே மறந்துபோயிற்று என்றாள். தப்பு முழுக்கத் தன்மேல்தான் என்றாள்.

“அதத்தான் நானும் பாக்குறேன். வீட்டுல எதத் தொட்டாலும் ஒன் கைக்குப் பழகிருக்கு ஜாய்ஸ். வேற மாதிரி இருந்ததே மறந்துபோச்சு.” அவன் கருவேலத்தையே பார்த்துக்கொண்டு பேசினான். “அங்க ரூமுல படுத்துக்கிட்டு இந்தப் பெட்டிய நெனச்சுக்குவேன். அது பிரிக்காம இருக்கும், நான் போயி ஒட்டணும்னு. வீட்டுல எனக்குன்னு ஒரு வேலை மிச்சம் இருக்குன்னு. தொறந்து பாத்தா நீ என்னையவிட நல்லா ஒட்டியிருக்க.”

ஜாய்ஸுக்குத் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டியது போல இருந்தது. வியாழக்கிழமை மொட்டை மாடியில் அவன் நின்றது சந்தோஷத்தில் அல்ல என்பது இப்போதுதான் உறைத்தது. அவனை நினைத்து நினைத்து அவள் ஒட்டிய ஒவ்வொரு துண்டும், நீ வேண்டியதில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறது. இரண்டு வருட ஏக்கத்தை ஒருத்தி இவ்வளவு பாடுபட்டுத் தப்பாகச் சொல்ல முடியுமா?

“லீவு இல்லன்னு சொன்னீங்கள்ல, அன்னைக்கு வீடு பூராவும் தேடுனேன்” என்றாள். “ஒங்க சட்டையில கூட ஒங்க வாசம் போயிருச்சு. ஒங்க சாமான்னு தொட்டுப் பாக்க இது ஒண்ணுதான் இருந்துச்சு. ஒங்க கை பட வேண்டிய எடத்துல என் கைய வச்சுப் பாத்துக்கிட்டேன், அம்புட்டுத்தான். நல்லா ஒட்டுனேனான்னு யாரு கேட்டா. போகாதீங்க.”

சொல்லிவிட்டாள். மூன்று வாரமாக நாக்கு நுனியில் நின்றது வெளியே வந்து விழுந்துவிட்டது. அவன் இனி அவளுக்காகத்தான் இருப்பான் என்றால் இருக்கட்டும், பெருமூச்சு விட்டாலும் பக்கத்தில் இருந்து விடட்டும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

ஜெர்சன் தொப்பியைக் கழற்றினான். அவள் தொப்பி, இவ்வளவு நேரமும் அதைப் போட்டிருந்ததே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது போலப் பார்த்தான்.

“வியாழக்கெழமையே சரின்னு அனுப்பிட்டேன்” என்றான். “மாடியிலருந்தே.”

ஜாய்ஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பேட்டரி வைத்த இடத்திலேயே ஒன்றும் ஆகாமல் கிடந்தது. அழுதால் தேவலை போலிருந்தது, அழுகை வரவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் மாடிப்படி ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. கீழே நின்றுகொண்டு தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள் அப்போது.

அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அங்கே வியாழக்கிழமை மதியத்தோடு ஆபீஸ் மூடிவிடுவார்கள், வெள்ளியும் சனியும் லீவு, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எங்கேயோ பார்த்தபடி சொன்னான். அதை எதற்காகச் சொல்கிறான் என்று அவனுக்கே தெரிந்ததோ என்னவோ.

ஜாய்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு எத்தன மணிக்குத் தொறப்பாங்க?”

“நம்ம நேரத்துக்குப் பத்தரை.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். எடுத்து அவளிடம் நீட்டினான். நீயே எழுது, நான் அனுப்புகிறேன் என்றான். ஜாய்ஸ் வாங்கவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து செய்துதான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். இதையும் தானே செய்வதாக இல்லை.

அவன் திரையைத் திறந்தான். இரண்டு மூன்று சொற்களை அடித்தான். அழித்தான்.

“காரணம் கேப்பாங்க ஜாய்ஸ். என்னன்னு எழுத?”

“வீட்டுல ஆளு இல்லன்னு எழுதுங்க” என்றாள்.

ஜெர்சன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான், கட்டை விரல் திரைமேல் நின்றது நின்றபடி இருந்தது. கரைமேல் கார் வந்து நின்று, டீ ஆறுகிறது என்று கிளமெண்ட் ஹாரன் அடித்தான்.